நாட் போர் விமான மாடல்: பட்டறையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில் என் பெயிண்டிங் பட்டறை. பகலில் பைக் டேங்க், கார் பம்பர். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதே கம்ப்ரஸரில் உள்ளங்கை அகல விமானங்கள். கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் 11 நிற்கின்றன. ஒன்பது நாட், ஒரு சேபர், ஒரு ஜெர்மன் ஜெட். வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் அலமாரி முன்னால் குனிந்து நின்று கேட்கிற கேள்விகள் வருஷக்கணக்கில் மாறவே இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

அண்ணா, நாட் என்ன விமானம்? ஒரே விமானத்தை ஏன் ஒன்பது தடவை கட்டினீங்க?

இங்கிலாந்தின் ஃபாலண்ட் கம்பெனி செய்தது. வடிவமைத்தவர் பெட்டர் என்பவர். அந்தக் காலத்தில் போர் விமானம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கனமாகவும் விலை கூடியதாகவும் வந்துகொண்டிருந்தது. அவர் எதிர்த்திசையில் போனார். சின்னதாக, லேசாக, மலிவாக ஒன்று. 1955 ஜூலை 18-ல் முதல் தடவை பறந்தது. பெயருக்கு அர்த்தமே கொசு மாதிரி ஒரு பூச்சி. அவர்கள் ஊர் விமானப்படை அதைச் சண்டைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாக மட்டும் வாங்கியது. சண்டைக்கு எடுத்தது நாம். பெங்களூரில் அரசு விமானக் கம்பெனியான எச்.ஏ.எல்.லில் உரிமம் வாங்கிக் கட்டினார்கள்.

இறக்கை முனைக்கு முனை 6.73 மீட்டர், நீளம் 8.74 மீட்டர். நம் டவுன் பஸ் இதைவிட நீளம். எதிரில் வந்த பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்துக்கு இறக்கை மட்டுமே 11 மீட்டருக்கு மேல். 1965 செப்டம்பர் 3-ல் நம் விமானி ட்ரெவர் கீலர் நாட் விமானத்தில் போய் ஒரு சேபரை வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறியது. அதிலிருந்து 'சேபர் ஸ்லேயர்', அதாவது சேபரைக் கொன்றது, என்று பட்டப்பெயர். 1971 நவம்பர் 22-ல் வங்காளப் பக்கம் போய்ரா வானத்தில் நாலு நாட் விமானங்கள் சேபர்களை மறித்தன. அதே வருஷம் டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து நாட்டைக் கிளப்பிக்கொண்டு போனவர் நிர்மல்ஜித் சிங் சேகோன். திரும்பவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

அவர் இருந்த விமானப்படைப் பிரிவு 18-ஆம் ஸ்குவாட்ரன். அந்த ஸ்குவாட்ரனை 2020-ல் தேஜஸ் ஜெட்டோடு மறுபடி தொடங்கியது நம் சூலூரில்தான். காற்று சரியாக இருந்தால் சில நாள் காலையில் சூலூர் ஜெட் சத்தம் எங்கள் மொட்டை மாடிவரை வரும். ஒன்பது தடவை கட்டியதற்குக் காரணம் போதுமா? போதாதென்றால் இன்னொன்று: முதல் நாலும் கோணலாக வந்தன.

ஆன்லைனில் 'நாட்' என்று போட்ட பெட்டி கிடைக்கிறது. அதையே வாங்கிடலாமா?

பெட்டி மேல் படத்தைப் பாருங்கள். சிவப்பு விமானமாக, மூடிக்குள் இரண்டு தலை தெரிந்தால் அது பிரிட்டன் சாகசக் குழு ரெட் ஆரோஸ் 1965 முதல் 1979 வரை ஓட்டிய பயிற்சி நாட். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் நாட் அதுதான். நல்ல பெட்டி, நன்றாகப் பொருந்தும். ஆனால் நம்முடையது அது இல்லை.

'பின் சீட்டை பட்டி போட்டு மூடிவிட்டால் ஒற்றை சீட் ஆகிவிடாதா' என்று ஒரு பையன் கேட்டான். ஆகாது தம்பி. பயிற்சி விமானத்துக்கு உடம்பு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீளம் கூட, இறக்கையும் பெரிசு. வேட்டியை மடித்துக் கட்டினால் பேன்ட் ஆகிவிடுமா?

செக் குடியரசின் ஸ்பெஷல் ஹாபி கம்பெனி 1/72 அளவில் ஒற்றை இருக்கை நாட்டும், அதிலிருந்து எச்.ஏ.எல். வளர்த்தெடுத்த அஜீத்தும் போட்டிருக்கிறது. எப்போதும் கையிருப்பில் இருக்காது, கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். கொஞ்சமாக அச்சடிக்கிற வகைப் பெட்டி அது. பாகத்துக்குப் பாகம் பொருந்த ஏர்ஃபிக்ஸ் மாதிரி குமிழும் குழியும் எதிர்பார்க்கக் கூடாது. முதல் மாடலே அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சிவப்பு நாட் ஒன்றைக் கட்டிக் கையைப் பழக்கிக்கொண்டு அப்புறம் வாருங்கள்.

1/72, 1/48 என்ன கணக்கு?

நிஜத்தை 72-ஆல் வகுத்தால் 1/72. ஆறடி மனுஷன் ஓரங்குலம் ஆகிறான். நாட் 12 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டரும் கொஞ்சமும் அகலம். 1/48-ல் 18 சென்டிமீட்டர். கண்ணாடி போட்டவர்களுக்கு 1/48. எனக்கு நாற்பது தாண்டியும் 1/72-தான் பிடிக்கிறது, அலமாரியில் இடம் இல்லை.

என்னென்ன சாமான் வேணும்? கோயமுத்தூர் போகணுமா?

பாதி உங்கள் ஊர் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. மொபைல் ரிப்பேர் சாமான் விற்கிற இடத்தில் கிடைக்கும் சின்ன கட்டர் போதும், ஒரு பக்கம் தட்டையாக வெட்டுகிறதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டேஷனரியில் பேப்பர் கட்டிங் கத்தி. பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் 400, 800, 1500, 2000. மாஸ்கிங் டேப். ஃபேன்ஸி ஸ்டோரில் நகம் பாலிஷ் போடுகிற நாலு பக்க பஃபர். இந்தக் கடைசிச் சாமானை என் வீட்டுக்காரியிடமிருந்துதான் முதலில் எடுத்தேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியது இரண்டு: பிளாஸ்டிக் சிமென்ட் எனப்படும் தண்ணி மாதிரியான பசை, டீக்கால் (தண்ணீரில் ஊற வைத்து ஒட்டுகிற சின்னங்கள்) மென்மையாக்கும் திரவம்.

ஃபெவிக்விக் போட்டா போதாதா?

அவசரத்துக்கு ஆகும். ஆனால் வேலை வேறு. ஃபெவிக்விக் இரண்டு பாகத்துக்கு நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் சிமென்ட், பாகங்கள் செய்திருக்கிற பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைக்கிறது. இரண்டு விளிம்பும் கரைந்து ஒன்றாகிக் காய்ந்தபின் அங்கே ஒட்டு என்று ஒன்று இல்லை, வெல்டிங்தான். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டால் போதும், பசை தானாக இடுக்கு நெடுக ஓடும். இடுக்கின் மேல் விரலை வைத்துப் பிடிக்காதீர்கள். பசை விரலுக்கு அடியிலும் ஓடி உங்கள் ரேகையைச் சாசனம் மாதிரி பதித்துவிடும். என் மூன்றாவது நாட்டின் வால் பக்கம் என் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது.

கண்ணாடி மூடிப் பக்கம் மட்டும் ஃபெவிக்விக்கைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். மூடியை ஒட்டச் சாதாரண ஃபெவிகால்தான். ஈரத்துணியால் துடைத்தால் பிசிறு போய்விடும், காய்ந்தால் தெரியாது.

ஒட்டுவதற்கு முன்னால் பாகங்களைக் கழுவணுமாமே?

ஆமாம். அச்சிலிருந்து கழன்று வர எண்ணெய் தடவியிருப்பார்கள். பாத்திரம் விளக்குகிற சோப்பு, பழைய டூத்பிரஷ். வடிகட்டியைத் தொட்டிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், சக்கரம் சாக்கடையில் போனால் போனதுதான்.

உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று படியவில்லை. என்ன செய்வது?

முதலில் பசை இல்லாமல் பத்துத் தடவை சேர்த்துப் பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று தெரியும். பெரும்பாலும் உள்ளே விமானி உட்காரும் காக்பிட் தொட்டிதான் அரை மில்லிமீட்டர் அகலமாக இருக்கும், அதைத் தேய்த்தால் தீர்ந்தது. குமிழ் இல்லாத பெட்டி என்றால் உள்பக்கம் விளிம்பை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளை நாக்கு மாதிரி ஒட்டிவிடுங்கள், அடுத்த பாதி அதில் போய் உட்காரும். ஐஸ்கிரீம் கப் மூடிகளில் சில பாலிஸ்டைரீன்தான். சிமென்ட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கரைந்தால் உதவும்.

அப்புறம் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். மூக்கிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் ஒட்டி, டேப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து அடுத்த இரண்டு சென்டிமீட்டர். நாட் விமானத்தில் அதிகம் பார்க்க வேண்டிய இடம் காற்று உள்ளே போகும் இரண்டு வாய்கள். 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி ஒவ்வொரு வாயின் வெளி உதட்டிலும் ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கட்டு மாதிரி ஏற்றத்தாழ்வு நின்றால் வெள்ளி அடித்தபின் பத்தடி தூரத்துக்குத் தெரியும்.

நீங்கள் காருக்குப் போடும் பட்டியையே போடலாமா?

என்.சி. பட்டி போடலாம், ஆனால் கார்க்கதவுக்கு இழுக்கிற மாதிரி இழுக்கக் கூடாது. அதில் இருக்கும் தின்னர் இந்த பிளாஸ்டிக்கைத் தின்னும். பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்து இடுக்கில் மட்டும். காய்ந்தால் சுருங்கும், மறுநாள் இன்னொரு தடவை. இடுக்குக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போட்டால் தேய்க்கிற வேலை பாதியாகும், சுற்றியிருக்கும் கோடுகளும் அழியாது. ஹார்ட்னர் கலந்து போடுகிற டூ-கே பட்டி வேண்டாம். கல்லாக நிற்கும், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் முதலில் தேயும்.

என் விமானம் வாலில் உட்கார்ந்துவிட்டது.

மூக்கில் எடை போட மறந்துவிட்டீர்கள். முன்னால் ஒரு சக்கரம் வைத்த ஜெட் எல்லாவற்றுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. உடம்பை மூடும் முன்னால் டேப் போட்டுச் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் பென்சில் மேல் நிறுத்திப் பாருங்கள். வால் பக்கம் சாய்ந்தால் எடை வேண்டும்.

சைக்கிள் கடையில் பால்ஸ் கேளுங்கள், இரும்புக் குண்டு. ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். தூண்டில் ஈயம் கனம் கூட, ஆனால் இரண்டு எச்சரிக்கை: தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதை ஃபெவிகாலில் ஒட்டவே கூடாது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் வெளிவரும் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும், அந்தப் பொடி உப்பி, சில வருஷத்தில் மூக்கைப் பிளந்துவிடும். எபாக்ஸியில் ஒட்டுங்கள்.

எந்த மாசம் பெயிண்ட் அடிப்பது நல்லது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் காகிதத்தில் 20 டிகிரி குளிரில் ஜன்னலை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறது. நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர், நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் திறந்த கதவு. வருஷத்தில் பாதி அந்தக் கதவு வழியாக ஈரம் வருகிறது, மிச்சத்தில் வறட்சி வருகிறது. இரண்டுமே பெயிண்டுக்கு எதிரி, வேறுவேறு விதத்தில்.

ஜூனில் மேலக்காற்று. அரபிக்கடல் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வரும். அந்த நாளில் லாக்கர் அடித்தால் தின்னர் சட்டென்று ஆவியாகி பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் குளிர வைக்கும், அந்தக் குளிரில் காற்றின் ஈரம் பனி மாதிரி இறங்கும். பெயிண்டில் பால் பூக்கும். என் இரண்டாவது நாட்டுக்கு வெள்ளி அடித்தது ஒரு ஜூன் சாயங்காலம். அடித்து முடித்தபோது கண்ணாடி. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் மோரில் முக்கி எடுத்த மாதிரி நிற்கிறது. அன்றைக்குக் கம்ப்ரஸர் டேங்கின் அடி வால்வைத் திறந்தேன், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீர் வழியாகத்தான் காற்று ஸ்ப்ரே கன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் மழைக்காலத்தில் தினமும் காலையில் டேங்க்கை வடிக்காமல் கன்னைத் தொடுவதில்லை, குழாயில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டியும் மாட்டியிருக்கிறேன். அடித்தே ஆக வேண்டுமென்றால் மழை விட்டு வெயில் ஏறிய பதினொரு மணிக்கு மேல், மெதுவாகக் காயும் ரிடார்டர் கொஞ்சம் கலந்து, மெல்லிசாக. அல்லது அக்ரிலிக்குக்கு மாறிவிடுங்கள், அது பூக்காது, காய மட்டும் அடம்பிடிக்கும்.

டிசம்பர், ஜனவரியில் கீழைக்காற்று. கரும்பனை ஓலை ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், உதடு வெடிக்கும். இப்போது வேறு தொல்லை. கன்னிலிருந்து கிளம்பிய துளி விமானத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே காய்ந்துவிடுகிறது. தடவிப் பார்த்தால் 800 வாட்டர் பேப்பர் மாதிரி இருக்கும். கூடவே புழுதி. கன்னைக் கிட்டே கொண்டுபோங்கள், தின்னரைக் கூட்டுங்கள், அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்குங்கள். தரையில் தண்ணீர் தெளித்து அரைமணி விட்டு அடித்தால் புழுதி படுத்திருக்கும். அடித்த உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள்.

ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். ஆக, என் கணக்கில் செப்டம்பரும் பிப்ரவரியும்தான் நல்ல மாசங்கள். ஜூன், ஜூலையில் ஒட்டுவது, தேய்ப்பது, காக்பிட் வேலை. அதற்கு எந்தக் காற்றும் ஒன்றுதான்.

ஏர்பிரஷ் இல்லை. பிரஷ்ஷில் அடிக்கலாமா?

பச்சை, பழுப்பு, சாம்பல் எல்லாம் தாராளமாக அடிக்கலாம். தண்ணியாக மூன்று கோட், ஒன்று காய்ந்தபின் ஒன்று, திசை மாற்றி. வெள்ளி மட்டும் பிரஷ்ஷுக்கு அடங்காது, துகள் கோடு கோடாக நிற்கும். அதற்கு ஸ்ப்ரே கேன் வாங்குங்கள், வெந்நீரில் ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு அடியுங்கள். வெந்நீர் என்றால் கை பொறுக்கிற சூடு. அடுப்பில் வைக்கிற சாமான் இல்லை அது.

அந்தக் கண்ணாடி மாதிரி வெள்ளி எப்படி வருகிறது?

அடியில் கறுப்பு. பளபள கறுப்பு. அது ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் மேலே உலோக லாக்கரை மூச்சு விடுகிற மாதிரி நாலைந்து தடவை. அடியில் ஒரு கீறல் இருந்தாலும் வெள்ளி அதைக் காட்டிக் கொடுக்கும், அதனால் 2000 பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் கறுப்பு அடிக்கவே வேண்டாம். நிஜ விமானத்தில் தகடுக்குத் தகடு நிறம் கொஞ்சம் மாறும். வெள்ளியில் ஒரு சொட்டுக் கறுப்பு கலந்து, இரண்டு மூன்று தகடுகளை மட்டும் டேப் கட்டி அடியுங்கள். வால்முனையில் நெருப்பு வரும் இடம் இன்னும் கருத்த, பழுப்படைந்த உலோகம்.

பைக் பெட்ரோல் டேங்குக்கு நான் அடிக்கிற வெள்ளியை இதற்கு அடித்தால் ஆகுமா என்று ஒரு மெக்கானிக் கேட்டார். அடித்துக் காட்டினேன். அந்தத் துகள் டேங்கில் மின்னும், 12 சென்டிமீட்டர் விமானத்தில் மணல் மாதிரி கிடக்கும்.

நம் விமானத்துக்கு எந்த நிறம்தான் சரி?

எந்த விமானம் என்று சொல்லுங்கள், நிறம் சொல்கிறேன். 1965-ல் நாட் விமானங்கள் வெறும் உலோக நிறத்தில் பறந்தன. 1965 செப்டம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்ட நாட் ஒன்று இன்றைக்கும் கராச்சியில் பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்தில் நிற்கிறது. நம் பக்கம் டெல்லி பாலம் மியூசியத்திலும் நாட் உண்டு. ஆனால் மியூசியத்தில் நிற்பதைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள், வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்திருப்பார்கள். அந்தந்தக் காலத்துப் புகைப்படம்தான் சாட்சி. 1971-க்குச் செய்கிறவர்கள் வால் எண்ணோடு படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

வட்டச் சின்னத்தில் அதிகம் பேர் தப்புச் செய்கிறார்கள். வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சைப் பொட்டு. திருப்பிப் போட்டு வைத்திருந்த ஒரு மாடலை ஒரு கண்காட்சியில் பார்த்தேன், பரிசும் வாங்கியிருந்தது.

டீக்கால் ஒட்டினபிறகு அடியில் வெள்ளையாகத் தெரிகிறது.

இரண்டு காரணம். ஒன்று, சொரசொரப்பான பெயிண்டின் மேல் ஒட்டியிருப்பீர்கள், அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். ஒட்டுவதற்கு முன்னால் பளபள கிளியர் ஒரு கோட் அடிக்க வேண்டும்.

இன்னொன்றை எந்தப் பெட்டியும் சொல்லாது: நம் தண்ணீர். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்வெல் தண்ணீர் எப்படி என்று குக்கருக்கு அடியில் பார்த்தால் தெரியும். அதில் டீக்காலை ஊற வைத்தால், காய்ந்ததும் உப்பு விளிம்பு முழுக்கக் கோலம் போடும். ஒரு மாசம் முழுக்க டீக்கால் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினேன், தொல்லை தீர்ந்தது. மழைத்தண்ணீர் பிடித்தும் வைக்கலாம். வெதுவெதுப்பாக இருக்கட்டும். அரை நிமிஷம் முக்கி, எடுத்து வெளியே வைத்து, இன்னொரு அரை நிமிஷம் பொறுத்தால் தானே நகரும். நகராததை நகத்தால் தள்ளாதீர்கள்.

தகட்டுக் கோட்டுக்கெல்லாம் கறுப்பு விடணுமா?

கறுப்பு வேண்டாம், கரும்சாம்பல் எனாமல் டர்பன்டைனில் தண்ணியாக. நாட் சின்ன விமானம், கோடு கோடாகப் போட்டால் வரிக்குதிரை ஆகிவிடும். நான் திறக்கிற மூடிகளுக்கும் சக்கர அறைக் கதவுகளுக்கும் மட்டும் விடுகிறேன். அந்தக் கதவுகளில் ஒரு விசேஷம்: பறக்கும்போது பாதி திறந்தால் அவையே வேகத்தைக் குறைக்கிற ஏர்பிரேக்காக வேலை செய்யும். இறக்கையில் தனியாகத் தேட வேண்டாம்.

அந்த ஜெர்மன் ஜெட்டைக் கட்டட்டுமா? அதுதானே முதல் ஜெட்?

மெஸ்ஸர்ஷ்மிட் 262. சண்டைக்கு வந்த முதல் ஜெட் போர் விமானம் அது. 1942 ஜூலை 18-ல் ஜெட் எஞ்சினை மட்டும் நம்பிப் பறந்தது. தேதியைப் பாருங்கள், நாட் பறந்ததும் அதே ஜூலை 18, பதின்மூன்று வருஷம் கழித்து. இரண்டு யூமோ 004 எஞ்சின், மூக்கில் நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கி. 1,400-க்கு மேல் கட்டினார்கள். நல்ல உலோகம் கிடைக்காத காலம், எஞ்சின் சில பத்து மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

மாடலாகக் கட்ட அழகு. பெட்டிகளுக்கும் பஞ்சமில்லை, டாமியா, ஏர்ஃபிக்ஸ், ரெவெல் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். ஆனால் வாலில் உட்காருகிறவர்களின் ராஜா இதுதான். மூக்கு முழுக்க பால்ஸ் அடைத்தும் என்னுடையது ஒரு மாசம் யோசித்துக்கொண்டே நின்றது. எஞ்சின் உறைகளில் புள்ளிப் புள்ளியான உருமறைப்பு வேறு, ஏர்பிரஷ் கை பழகாமல் தொடக் கூடாது. வாலில் இருக்க வேண்டிய நாஜி ஸ்வஸ்திகா சின்னம் பெட்டியில் பெரும்பாலும் வராது, வந்தாலும் துண்டு துண்டாக வரும். அதைப் பொதுவில் காட்டுவதற்கு ஜெர்மன் சட்டத்தில் தடை உண்டு. கொழிஞ்சாம்பாறை மாஷ் (வாத்தியார்) ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு 'இங்கே நம் கோயில் வாசலில் இருக்கிறதே' என்றார். சாய்வைப் பாருங்கள் மாஷ் என்றேன்.

கட்டினதை எங்கே வைப்பது? பல்லி தொல்லை.

கண்ணாடி போட்ட அலமாரி, வெயில் படாத சுவர். தகரக் கூரைக்குக் கீழே, மேல் தட்டில் வைக்காதீர்கள். கார் டேஷ்போர்டில் வைத்தவர் ஒருத்தரின் விமானம் இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இதில் என் மடத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூச்சிக்கும் பல்லிக்கும் என்று அலமாரித் தட்டில் நாலு அந்துருண்டை போட்டு வைத்தேன். மூடின பெட்டி, மே மாசம். ஒரு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து ஐந்தாவது நாட்டை எடுத்தால் விரலில் ஒட்டுகிறது. பெயிண்ட் இல்லை, உள்ளே பிளாஸ்டிக்கே இளகியிருக்கிறது. உருண்டைக்குக் கிட்டே இருந்த வலது இறக்கை முனை, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போலக் கீழே தொங்கிக் கிடந்தது. நாஃப்தலீனும் பாலிஸ்டைரீனும் ஒரே ஜாதி மூலக்கூறு, ஆவியே உள்ளே ஊறிக் கரைத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த விமானத்தை எறியவில்லை, அலமாரியில் இடது ஓரத்தில் இருக்கிறது. இப்போது பல்லிக்கு முட்டை ஓடு வைத்திருக்கிறேன். பல்லி அதைக் கண்டுகொள்வதில்லை, மாடலுக்கும் கெடுதல் இல்லை.

எத்தனை வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்?

கத்தியைப் பிடிக்கத் தெரிந்தால் பத்து வயசு, பெரியவர் பக்கத்தில் இருந்தால். சிமென்ட்டும் தின்னரும் தலைசுற்ற வைக்கும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கு எரிகிற அறையில் கூடவே கூடாது. ஸ்ப்ரே அடிக்கும்போது துணியைக் கட்டினால் போதாது, பெயிண்டர்கள் போடுகிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள். இருபது வருஷம் துணி கட்டிக்கொண்டு அடித்தவன் சொல்கிறேன், என் இருமலைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்று கட்ட எத்தனை நாள் ஆகும்?

ராத்திரிக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆறு வாரம். அதில் பாதி காய்வதற்கு.

எனக்கு ஒன்று கட்டி விலைக்குத் தருவீர்களா அண்ணா?

இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள், பட்டறை பூட்டியிருக்கும், பின்பக்கக் கதவைத் தட்டுங்கள். மேசையில் இரண்டாவது கட்டர் கிடக்கிறது, பழைய சிவப்பு நாட் ஒன்றின் இறக்கைகள் டப்பாவில் இருக்கின்றன, வெட்டிப் பழகுவதற்கு. மே மாசம் வேண்டாம், மத்தியானம் கரண்ட் போய்விடும், ஃபேன் இல்லாமல் தகரத்துக்கு அடியில் உட்கார முடியாது.